வாலறுத்த விளைமீன்

கொடைக்கானலில் வந்து இறங்கிய முதல் நாள் காலையிலேயே ஜெபமாலைக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? விடிந்து எழுந்தால் பல் தந்தியடிக்கிறது. நீராகாரம் கிடைக்குமா என்று தங்கியிருந்த விடுதியில் கேட்டதற்கு ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெந்நீர்கூட கெஞ்சினால்தான் வருகிறது. இந்த லட்சணத்துக்கு ஓலைத்துறையிலிருந்து ரயிலேறி, பஸ்ஸேறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து வரவேண்டியிருந்தது.

கூட்டிக்கொண்டு வந்தவன் வேதநாயகம். மண்டபத்துக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் ஓலைத்துறைக் கடற்கரையில் ஏறும் மீன் முழுவதையும் அவன்தான் எடுக்கிறான். லாரியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், ஐஸ் போட்டு, மதுரைக்கும் அதற்கு மேலே மலைக்கும் அனுப்புகிறவன். அதே ஊரில் அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். இப்போது வேட்டிக்கு மேல் கோட்டுப் போடுகிறான். ஜெபமாலையின் புருஷன் மரியதாஸின் வத்தைதான் அந்தக் கரையில் நல்ல மீன் கொண்டுவரும் படகு. "அண்ணே, உங்க மீனத் திங்கிற ஊரப் பாக்க வேணாமா? மதினியையும் கூட்டிட்டு வாங்க. மூணு நாளு, எல்லாம் என் பொறுப்பு" என்று வைகாசிப் பிறப்பில் வந்து நின்றான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இராமநாதபுரத்தைத் தாண்டாதவள் ஜெபமாலை. ஆசை வராமல் இருக்குமா? ஐம்பத்தெட்டாம் வருஷம், முழுத்த கோடையில், கறுப்புக் கம்பளி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

முதலில் ரொட்டிக்கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் அடித்த வெண்ணெய் வாசனை நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் கேக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேதநாயகம் விரலை நீட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். ஆளுக்கொரு தட்டில் அடுக்கடுக்காய்ப் பொரிந்த ஒரு பலகாரம் வந்தது. பப்ஸ் என்றான். ஜெபமாலை ஒரு கடி கடித்தாள். மேலே இருந்த பொருக்கெல்லாம் உதிர்ந்து மடியில் விழுந்தது. உள்ளே நாக்கில் பட்டது ஆட்டுக்கறி.

வாயிலிருந்ததை அப்படியே கையில் துப்பினாள்.

"இன்னைக்கு என்ன கெழம?"

வேதநாயகம் ஒன்றை முடித்து இரண்டாவதில் இருந்தான். "வெள்ளி... அடடா, மறந்தே போச்சு மதினி. மலைக்கு வந்தா கெழமையே தெரியல."

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா கறியத் திங்க வச்சிட்டியே, படுபாவி! மலைக்கு வந்தா ஆண்டவருக்குக் கண்ணு அவிஞ்சிருமாக்கும்?"

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரியதாஸ் அவள் முழங்கையைத் தொட்டான். எங்கே நாலு பேர் பார்க்கிறார்களோ அங்கே அவள் முழங்கையைத் தொடுவது அவனுக்கு வழக்கம். ஜெபமாலை சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்து, குழாயில் மூன்று தடவை வாய் கொப்பளித்தாள். வேதநாயகம் இரண்டாவதையும் தின்று முடித்துத்தான் வெளியே வந்தான். அதை அவள் கவனித்தாள்.

அடுத்து ஒரு காபி கிளப். இட்லி வருவதற்குள் ஆறிக் கல்லாகிவிட்டது. சாம்பாரில் எவனோ கைதவறி வெல்லத்தைக் கொட்டியிருந்தான். காபி மட்டும் சுட்டது. அதையும் அவள் ஊதி ஊதி முடிப்பதற்குள், ஏரியில் படகு ஓட்டலாம் வாருங்கள் என்று அவசரப்படுத்தினான். படகாம்! கடலில் பிறந்தவளைக் குட்டையில் உட்காரவைத்துத் துடுப்புப் போடச் சொல்கிறான். "நான் வரல. நீங்க போயி வெளாண்டுட்டு வாங்க" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பசியோடு தனியாக உட்கார்ந்தால் மனசு போகக்கூடாத இடத்துக்குப் போகும். அவள் மனசு அற்புதம்மாளிடம் போனது.

அற்புதம்மாள் கூடப்பிறந்த தங்கை. அவளுடைய புருஷன் சவேரியார் மரியதாஸின் வத்தையில்தான் தொழில் செய்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வாடைக்காற்றில் வத்தை கவிழ்ந்தது. மரியதாஸுக்குத் துடுப்பு அகப்பட்டது, சகலைக்கு அகப்படவில்லை. மூன்றாம் நாள்தான் உடம்பு கரை ஒதுங்கியது. அற்புதம்மாள் இரண்டு பெண்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மண்டபத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓலைத்துறையில் ஒரு ஊர்க்கட்டு உண்டு. கடலோடு போனவனுக்கும் பங்கு உண்டு. அவன் தொழில் செய்த வத்தை கரைக்கு வரும் ஒவ்வொரு நாளும், அன்று பிடிபட்ட பாட்டிலேயே நல்ல மீன் எதுவோ அது அவன் வீட்டுக்குப் போகவேண்டும். மிச்சம் மீதி போகக்கூடாது, நல்லது போகவேண்டும். பிள்ளைகள் தலையெடுக்கும்வரை போகவேண்டும். கரைக்கு வந்தால் கண் பல பக்கம் இழுக்கும் என்று, கடலிலேயே அந்த மீனைப் பொறுக்கி, வாலின் கீழ்க்கவையைக் கத்தியால் சாய்வாக அறுத்துவிடுவார்கள். வாலறுத்த மீனை ஏலத்தில் போடமாட்டார்கள். எடுத்துக் குழம்பு வைக்கமாட்டார்கள். பசித்தவன்கூட அதைத் தொடமாட்டான்.

சவேரியாரின் பங்கை மண்டபத்துக்கு யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோது, "என் லாரி போற வழிதானே. அற்புதத்து வீட்டு வாசல்ல நானே எறக்கிர்றேன்" என்று வேதநாயகம் முன்வந்தான். ஊரே அவனைப் புண்ணியவான் என்றது.

இந்த வருஷம் ஈஸ்டர் பூசைக்கு வந்த அற்புதம்மாள், கோயில் வாசலிலேயே அக்காளை மறித்துக்கொண்டாள். "ஏன்க்கா, எம் பங்க நிறுத்திட்டிங்க? மீனு வந்து ஆறு மாசமாச்சு." ஜெபமாலைக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு நாளும் மரியதாஸ் வாலறுத்த மீனைக் கூடையில் தனியாக வைப்பதைத் தன் கண்ணால் பார்க்கிறவள் அவள். வேதநாயகத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாசல்லதான் எறக்குறேன் மதினி. அதுக்கு மேல அது விக்கிதோ என்ன செய்யுதோ, நான் என்னத்தக் கண்டேன்" என்றான். வருத்தப்படுகிறவன் மாதிரிச் சொன்னான். அவ்வளவுதான். ஜெபமாலை தங்கையிடம் திரும்பினாள்.

"செத்தவன் பேரச் சொல்லி ரெண்டு பங்கு வாங்கப் பாக்குறியாடி?"

அந்த வார்த்தையை ஊர் முழுக்கக் கேட்டது. அற்புதம்மாள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பூசைக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தன்னைத் திருடி என்காத குறையாகக் கேட்டுவிட்டாளே என்ற கோபம் ஜெபமாலைக்கு இன்னும் ஆறவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து நினைக்க நினைக்க அது மறுபடி கொதித்தது. தின்றுவிட்டு இல்லை என்று சொல்ல எப்படி நாக்கு வந்தது அவளுக்கு!

மத்தியானம் வேதநாயகம் அவர்களைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். துரைமார் இருந்த காலத்து ஓட்டல். தரையெல்லாம் பலகை, மேசையில் வெள்ளைத் துணி. சுற்றிலும் உத்தியோகஸ்தர்களும் அவர்கள் சம்சாரங்களும் தட்டுச் சத்தம் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேதநாயகம் கைத்துண்டை எடுத்துக் கோட்டுக் கழுத்தில் செருகிக்கொண்டான்.

"காலைல நடந்ததுக்குப் பரிகாரம் மதினி. உங்களுக்குன்னே மீனு சொல்லியிருக்கேன்."

முதலில் சூப்பு வந்தது. பருத்திப்பாலில் உப்புப் போட்டதுபோல் இருந்தது. ஜெபமாலை இரண்டு கரண்டியோடு தள்ளி வைத்தாள். பரிமாறியவர் தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் கட்டிய வயசாளி; பெயர் பொன்னுச்சாமி. அவள் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க இராமநாதபுரத்துப் பக்கமாம்மா? எனக்கு முதுகுளத்தூரு. மழையில்லாம ஓடியாந்து இருவது வருசமாச்சு. செத்த பொறுங்க, மீனு நம்ம கடலு மீனுதான்."

நீளத் தட்டில் முழுசாக வந்தது விளைமீன். முக்கால் முழம் இருக்கும். அதன்மேல் வெள்ளையாய் ஒரு குழம்பை ஊற்றி, தலையிலும் வாலிலும் கொத்துக் கொத்தாய்ப் பச்சை இலையைப் போட்டு மூடியிருந்தார்கள். நல்ல மீனைக் கொண்டு வந்து இப்படிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தாள். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் குழம்பை விலக்கி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

அடடா! காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வாயில் இறங்கிப்போனது. கட்டியான சதை; ஐஸில் இருந்தும் ருசி விடவில்லை. "இது மீனு" என்றாள் மரியதாஸைப் பார்த்து. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். வெட்கப்படாமல் தின்றாள். வயிற்றுப் பக்கம் முடிந்தது, முதுகுப் பக்கம் முடிந்தது. மரியதாஸுக்கு ஒரு துண்டு வைத்தாள். மற்றதெல்லாம் அவள்தான். பக்கத்து மேசைச் சீமாட்டி பார்க்கிறாளே என்று மரியதாஸ் கூசினான். பார்க்கட்டுமே.

முள்ளை வழித்துக்கொண்டே வால்வரைக்கும் வந்துவிட்டாள். வாலடியில் ஒட்டியிருக்கும் சதைதான் அவளுக்குப் பிடித்தம். பச்சை இலையை விரலால் தள்ளினாள்.

கீழ்க்கவை இல்லை.

உடைந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். உடைந்த வால் பிசிறடித்திருக்கும். இது கத்தி போன வால். அதுவும் சாய்வு, இடக்கையால் அறுத்தது மாதிரி, உள்ளே பார்த்து ஏறியிருந்தது. ஓலைத்துறையில் இடக்கைக்காரன் ஒருவன்தான். அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். ஜெபமாலை தட்டை அவன் பக்கம் திருப்பினாள். மரியதாஸ் வாலைப் பார்த்தான்.

"புதன்கெழம காலைல அறுத்தது" என்றான் மெதுவாக. "இம்புட்டுப் பெருசுன்னு சகலைக்கு எடுத்து வச்சேன்."

வேதநாயகம் எட்டிப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினான். "அட, எப்பிடியோ கலந்திருக்கு மதினி. கூலிக்காரப் பயலுக கவனிக்க மாட்டானுக. ஒரு மீனு தவறிப்போச்சு."

அந்த நேரம் பார்த்துப் பொன்னுச்சாமி தட்டெடுக்க வந்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம். சந்தோஷமாகச் சொன்னார்.

"வெட்டுவாலாம்மா பாக்குறிங்க? அது ரொம்ப ஒசத்தி. வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். சமையக்காரரு பெட்டியத் தெறந்ததும் வெட்டுவாலத்தான் மொதல்ல பொறுக்குவாரு. அந்த வாலு இருந்தா மீனு சோடை போகாதும்பாரு."

ஜெபமாலை எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் பலகைத் தரையில் விழுந்தது. மரியதாஸின் கை அவள் முழங்கையைத் தேடி வந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

"எத்தன மாசமாடா திங்கிற, செத்தவன் பங்க?"

"மதினி, கத்தாதிங்க. பெரிய மனுசங்க இருக்கிற எடம்."

"எத்தன மாசம்?"

வேதநாயகம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரோசிச்சுப் பாருங்க மதினி. அது ஒத்தப் பொம்பள, ரெண்டு பொடிசு. அதுகளுக்கு எதுக்கு இம்மாம் பெரிய மீனு? நாலு நெத்திலி இருந்தாப் போதும். நல்ல மீனு இங்கன வந்தாத்தான நம்ம கரைக்குப் பேரு? உங்களுக்குந்தான பேரு? இப்ப நீங்களே தின்னு பாத்திங்கள்ல?"

கடைசியாக அவன் சொன்னதுதான் அவளை அறைந்தது. அவள் கையில் இன்னும் மீன் மணம் இருந்தது. விரலிடுக்கில் வெள்ளைக் குழம்பு இருந்தது. அவனை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். அவன் ஊட்டவில்லையே, அவளேதான் எடுத்துத் தின்றாள். ருசித்து, சிரித்து, வழித்துத் தின்றாள். பசித்தவன்கூடத் தொடாத மீனை.

"நாலு நெத்திலியாவது குடுத்தியாடா?" என்றாள். அவன் கைத்துண்டு நுனியால் வாயைத் துடைத்தான்.

அவன் கழுத்தில் செருகியிருந்த வெள்ளைக் கைத்துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துச் சூப்பில் விழுந்தது. துண்டை மேசையில் விரித்து, வாலையும் அதோடு ஒட்டியிருந்த முள்ளையும் எடுத்து வைத்துக் கட்டினாள். ஓட்டல் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் எங்கிருந்தோ வேகமாக வந்துகொண்டிருந்தார். பொன்னுச்சாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வாரியா? இல்ல, இவன்கூட இருந்து புட்டிங்கும் தின்னுட்டு வாரியா?" என்றாள் புருஷனைப் பார்த்து.

மரியதாஸ் ஒரு கணம் உட்கார்ந்தே இருந்தான். வேதநாயகம் இல்லாவிட்டால் ஐஸ் இல்லை, புது நைலான் வலை இல்லை. அதெல்லாம் அவன் முகத்தில் ஓடியது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் எழுந்துவிட்டான். எழுந்தவன் வேதநாயகத்தைப் பார்த்து, "ஏலே, இனிமே என் வத்த மீனு மேல உன் நெழலு விழக்கூடாது" என்றான். பதினெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவன் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கினார்கள். இந்தத் தடவை வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரவில்லை. வந்தால் நன்றாக இருக்குமே என்று காத்திருந்தாள்; வரவில்லை. வயிறு அந்த மீனை நன்றாகப் பிடித்துவைத்துக்கொண்டது. வேதநாயகத்தைக் கரித்துக்கொட்டினாள், அந்த ஓட்டலைக் கரித்துக்கொட்டினாள், புருஷனையும் விடவில்லை. எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சியது அவள்தான். ஓலைத்துறையிலிருந்து மண்டபம் நாலே மைல். மீன் வரவில்லை என்று தங்கை சொன்ன அன்றைக்கே நாலு மைல் நடந்துபோய், லாரி நிற்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். நடக்கவில்லை. கோட்டுப் போட்டவன் சொன்னதை நம்பினாள். கூடப்பிறந்தவள் சொன்னதை நம்பவில்லை. மலைக்கு இருநூறு மைல் வரத் தெரிந்த காலுக்கு, தங்கை வீட்டுக்கு நாலு மைல் போகத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கி, மரியதாஸை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஜெபமாலை நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

அற்புதம்மாள் வெயிலில் குந்தி, யாருடைய மீனையோ கீறி உப்புத் தடவிக் கருவாட்டுக்குப் பரப்பிக்கொண்டிருந்தாள். கூலி வேலை. விரலெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஈஸ்டருக்கே அப்படித்தான் இருந்திருப்பாள். அன்றைக்கு ஜெபமாலை அவளை முகம்கொடுத்துப் பார்க்கவில்லை.

அக்காளைப் பார்த்ததும் அவள் எழவில்லை. "என்ன?" என்றாள்.

ஜெபமாலை எதிரே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். மூன்று நாள் மீனின் வாடை குப்பென்று எழுந்தது. அற்புதம்மாள் குனிந்து பார்த்தாள். சாய்வாக அறுத்த வாலை அவளுக்கு அடையாளம் சொல்லவேண்டியதில்லை.

"மலைல, ஓட்டல்ல இருந்துச்சு" என்றாள் ஜெபமாலை. "அந்தப் படுபாவிதான் வித்திருக்கான். நீ சொன்னது அம்புட்டும் நெசம். நாந்தான்..."

அற்புதம்மாள் அதைக் கேட்கவில்லை. வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி எங்க?"

ஓட்டலில் அத்தனை பேர் முன்னால் கத்தியவளுக்கு இந்த வாசலில் சத்தம் அடிக்குரலில்தான் வந்தது.

"நான் தின்னுட்டேன்."

"ருசியா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். கோயில் வாசலில் சொன்ன வார்த்தைக்குப் பிறகு இன்னொரு அநியாயத்தையும் சேர்க்க அவளால் முடியவில்லை.

"இருந்துச்சு."

அற்புதம்மாள் உப்புக் கையாலேயே அந்த வாலை எடுத்து அக்காள் மடியில் எறிந்தாள். "ரெண்டு வருசத்துல எம் புள்ளைக அந்த மீன எத்தன நாளு கண்டுச்சு தெரியுமா? கடல்ல போனாரே, அவரு உன் புருசன்கூடத்தான போனாரு! நான் வந்து கேட்டா ஊரு முன்னால என்னக் களவாணியாக்கி அனுப்புன. இப்ப முள்ளக் கொண்டாந்து காட்டுறியா, முள்ள!" அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். உப்புப் பட்டுக் கண் இன்னும் எரிந்திருக்கும். ஜெபமாலை தொடப்போனாள். "தொடாத" என்றாள். பிறகு அடுத்த மீனை எடுத்துக் கீறிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எம் பங்கு எனக்கு வரணும். லாரியில வரக்கூடாது. ஆளு கிட்டக் குடுத்தும் விடக்கூடாது. நீ கொண்டாரணும். நடந்து கொண்டாரணும்."

"கொண்டாறேன்" என்றாள் ஜெபமாலை.

திங்கட்கிழமை மரியதாஸின் வத்தை கரை தொட்டபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அன்றைய பாட்டில் இருந்ததிலேயே பெரிய விளைமீனை ஜெபமாலை ஈரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மணல் சுட்டது. சாக்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் கண்ணில் இறங்கிக் கரித்தது. வேதநாயகத்தின் லாரி, வேறு யார் மீனையோ ஏற்றிக்கொண்டு, புழுதியை அவள்மேல் இறைத்துவிட்டுப் போனது. அவள் நின்று, அதன் பின்னால் ஒரு வண்டி வசவு வைதுவிட்டு, மறுபடி நடந்தாள்.

அற்புதம்மாள் வாசலில் நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டி மீனை வாங்கினாள். சாக்கைப் பிரித்து, முதலில் வாலைத்தான் பார்த்தாள்.